டர்போ கார்களில் இன்டர்கூலர்: அழுத்த இழப்பும் காற்றோட்டமும் – ஒரு வரலாறு

இன்டர்கூலர் என்பது டர்போசார்ஜர் அமுக்கி அனுப்பும் சூடான காற்றை எஞ்சினுக்குள் நுழையும் முன் குளிர்விக்கும் வெப்பமாற்றி ஆகும். தமிழில் இதனை இடைக்குளிர்விப்பான் எனலாம். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. ஆகவே அதே கொள்ளளவுள்ள சிலிண்டருக்குள் கூடுதல் ஆக்சிஜன் சேரும். கூடுதல் எரிபொருளை எரித்துக் கூடுதல் திறன் பெறலாம். ஆனால் இந்த ஆதாயம் இலவசமாகக் கிடைப்பதில்லை. இன்டர்கூலரின் குறுகிய வழிகளுக்குள் புகுந்து வெளிவரும் காற்று தன் அழுத்தத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. இதுவே அழுத்த இழப்பு எனப்படும். பாயும் காற்றின் அளவும் வேகமும் கூடக்கூட இந்த இழப்பும் கூடுகிறது. குளிர்ச்சியால் வரும் வரவையும் அழுத்தத்தில் ஆகும் செலவையும் சமன்செய்ய முயன்ற கதையே இன்டர்கூலரின் வரலாறு.

பெயர் வந்த விதம்

பல கட்டங்களாகக் காற்றை அமுக்கும் எந்திரங்களில், ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே காற்றைக் குளிர்விப்பது பழைய வழக்கம். இரு கட்டங்களுக்கு இடையே இருப்பதால் அந்தக் கருவிக்கு இன்டர்கூலர் என்று பெயர் வந்தது. இன்றைய கார்களில் பெரும்பாலும் ஒரே ஒரு அமுக்கிதான் உண்டு. குளிர்விப்பான் அதற்குப் பின்னால் இருக்கிறது. எனவே அதனைப் பின்குளிர்விப்பான் என்பதே சரியாக இருக்கும். ஆயினும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

டர்போசார்ஜரின் தொடக்கம்

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டு ஒரு சுழலியைச் சுழற்றி, அதே தண்டில் உள்ள அமுக்கியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருத்துக்கு 1905-ஆம் ஆண்டு காப்புரிமை கோரியவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி. 1918-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்டு மாஸ், லிபர்டி விமான எஞ்சின் ஒன்றைக் கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுசென்று சோதித்தார். தாழ்வான இடத்தில் சுமார் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், மெல்லிய மலைக்காற்றில் 230 குதிரைத்திறன் மட்டுமே தந்தது. டர்போவைப் பொருத்தியதும் அதே உச்சியில் 356 குதிரைத்திறன் கிடைத்தது.

டர்போவின் பயன் இவ்வாறு உறுதியானது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவதைப் பார்த்திருக்கலாம். அழுத்தப்படும் காற்று சூடாகும் என்பதே காரணம். 27 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள காற்றை, 70 சதவீதச் செயல்திறன் கொண்ட அமுக்கி இரு மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால், காற்றின் வெப்பநிலை சுமார் 121 டிகிரிக்கு ஏறிவிடும். சூடான காற்று விரிந்துகொள்வதால் அழுத்தியதன் பயனில் ஒரு பங்கு வீணாகிறது. பெட்ரோல் எஞ்சினில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. எரிபொருளும் காற்றும் கலந்த கலவை, தீச்சுடர் வந்து சேரும் முன்பே தானாக வெடித்து எரியலாம். நாக்கிங் எனப்படும் இந்நிலை நீடித்தால் பிஸ்டனே சேதமடையும்.

உராய்வும் வெப்பமும் ஒட்டிப் பிறந்தவை

காற்றைக் குளிர்விக்கும்போது அழுத்தம் குறைவது ஏன் என்பதற்கான விடை 19-ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டது. குழாயில் பாயும் பாய்மம் உராய்வால் எவ்வளவு அழுத்தத்தை இழக்கும் என்பதற்கான சமன்பாட்டை ஜெர்மனியின் யூலியஸ் வைஸ்பாக் 1845-இல் வகுத்தார். பிரான்சின் ஆன்றி டார்சி 1857-இல் தம் குழாய்ச் சோதனைகளால் அதற்கு வலுச் சேர்த்தார். இருவர் பெயரையும் தாங்கிய இந்தச் சமன்பாடு கூறுவது இதுதான்: அழுத்த இழப்பு குழாயின் நீளத்துக்கு நேர் விகிதத்திலும், குழாயின் விட்டத்துக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும், பாய்மத்தின் அடர்த்திக்கும், வேகத்தின் இருமடிக்கும் நேர் விகிதத்தில் இருக்கும்.

பாய்மம் மெதுவாக, வரிச்சீர் ஓட்டமாகச் செல்லும்போது இழப்பு வேகத்துக்கு நேர் விகிதத்தில் மட்டுமே கூடும். வேகம் மிகுந்து சுழற்சி ஓட்டமாக மாறும்போது இருமடி விதி ஆட்சிக்கு வருகிறது. இன்டர்கூலரின் மிகச் சிறிய இடைவெளிகளில் உண்மை நிலை இந்த இரண்டுக்கும் நடுவே, இருமடிக்கு அருகில் இருக்கும். கணக்குக்கு இருமடி என்று கொள்வது வழக்கம்.

1874-இல் இங்கிலாந்தின் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இன்னொரு உண்மையைச் சுட்டிக்காட்டினார். பாய்மத்திலுள்ள வெப்பத்தைச் சுவருக்குக் கடத்தும் சுழல்களே, அதன் உந்தத்தையும் சுவருக்குக் கடத்துகின்றன. உந்தம் சுவருக்குப் போவதைத்தான் உராய்வு என்கிறோம். அதாவது, வெப்பம் கடத்துவதற்கும் அழுத்தம் இழப்பதற்கும் காரணம் ஒன்றே. அழுத்த இழப்பே இல்லாத இன்டர்கூலர் ஏன் சாத்தியமில்லை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை. காற்றைக் கலக்காமல் வழவழவென்று செல்லவிட்டால் இழப்பு குறையும், குளிர்ச்சியும் குறையும்.

ஒரு கணக்கு

2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நிமிடத்துக்கு 6,000 சுற்றுகள் ஓடுகிறது. இரு சுற்றுக்கு ஒருமுறை சிலிண்டர்கள் நிறைவதால், ஒரு நொடியில் அது விழுங்கக்கூடிய கொள்ளளவு 100 லிட்டர். உள்ளே நுழையும் காற்று 2 பார் தனி அழுத்தத்திலும் 47 டிகிரி வெப்பநிலையிலும் இருந்து, சிலிண்டர்கள் 90 சதவீதம் நிறைவதாகக் கொண்டால், எஞ்சினுக்குள் நொடிக்கு ஏறத்தாழ 0.2 கிலோகிராம் காற்று செல்கிறது.

இந்தக் காற்றோட்டத்தில் இன்டர்கூலரின் அழுத்த இழப்பு 0.1 பார் என்று வைத்துக்கொள்வோம். ஊட்டழுத்தம் மாறாமல் சுற்றுவேகம் மட்டும் 3,000-ஆகக் குறைந்தால் இழப்பு நான்கில் ஒரு பங்காக, 0.025 பாராகச் சுருங்கும். சுற்றுவேகம் 7,500-ஆகக் கூடினால் இழப்பு சுமார் 0.16 பாராக ஏறும். நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும் காரில் எந்தக் குறையும் தெரியாத ஓர் இன்டர்கூலர், நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் மூச்சுத் திணறுவதற்கு இதுவே காரணம்.

சுற்றுவேகத்தை மாற்றாமல் ஊட்டழுத்தத்தை மட்டும் கூட்டினால் நிலைமை வேறு. எஞ்சின் விழுங்கும் கொள்ளளவு மாறாததால், குழாய்களுக்குள் காற்றின் வேகமும் பெரிதாக மாறாது; அடர்த்தி மட்டுமே கூடும். ஆகவே இழப்பு இருமடியாக ஏறாமல், அடர்த்தியின் விகிதத்திலேயே ஏறும். காற்றின் நிறை இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும் என்று பொதுவாகச் சொல்வது, அடர்த்தி மாறாதபோது மட்டுமே பொருந்தும்.

இனி வரவு செலவைப் பார்க்கலாம். 2 பார் அழுத்தத்தில் 121 டிகிரியில் நுழைந்த காற்று, 1.9 பார் அழுத்தத்தில் 47 டிகிரியில் வெளிவருகிறது என்க. கெல்வினில் இவை 394, 320 ஆகும். வெப்பநிலை குறைந்ததால் அடர்த்தி 1.23 மடங்காகிறது. அழுத்தம் குறைந்ததால் அது 0.95 மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் 1.17, அதாவது நிகர ஆதாயம் 17 சதவீதம். இதே குளிர்ச்சிக்கு 0.4 பார் இழக்க நேர்ந்தால், 0.8-ஐ 1.23-ஆல் பெருக்க வேண்டும். விடை 1-க்கும் சற்றுக் குறைவு. அடர்த்தியில் கிடைத்த ஆதாயம் முழுவதும் அங்கே கரைந்துவிடுகிறது. காற்று குளிர்ந்திருப்பதால் நாக்கிங் அபாயம் குறைவது ஒன்றே மிச்சம்.

வானில் கற்ற பாடம்

கார்களுக்கு முன்பே இந்தக் கணக்கைச் சந்தித்தவர்கள் விமானப் பொறியாளர்கள். உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. 7,600 மீட்டர் உயரத்தில் அது 0.38 பார் அளவுக்கு இறங்கிவிடும். தரைமட்டத்தில் 0.1 பார் இழப்பை ஈடுசெய்ய அமுக்கி தன் அழுத்த விகிதத்தை 0.1 கூட்டினால் போதும். அந்த உயரத்திலோ அதே 0.1 பாருக்காக 0.26-க்கு மேல் கூட்ட வேண்டும். கூட்டினால் காற்று இன்னும் சூடாகும். அதைக் குளிர்விக்க இன்னும் பெரிய இன்டர்கூலர் வேண்டும்.

1939-இல் முதன்முதலாகப் பறந்த லாக்ஹீடு பி-38 லைட்னிங் போர் விமானத்தில், இன்டர்கூலர் இறக்கையின் முன்விளிம்புக்குள்ளேயே அமைக்கப்பட்டது. வெளியே தனியாக எதுவும் துருத்திக்கொண்டிருக்காததால் காற்றுத் தடை குறைந்தது. சுமார் 1,150 குதிரைத்திறன் கொண்ட ஆலிசன் எஞ்சின்களுக்கு அந்த அமைப்பு போதுமானதாக இருந்தது. பின்னர் வந்த வகைகளில் எஞ்சின் திறன் 1,325 ஆகவும், 1,425 ஆகவும் உயர்ந்தது. கூடுதல் காற்று, கூடுதல் சூட்டுடன், அதே பரப்பின் மீது பாய்ந்தது. இறக்கையின் விளிம்பை விருப்பம்போல் நீட்ட முடியாதே! எஞ்சினால் தர முடிந்த திறனை, இன்டர்கூலரின் போதாமையால், உயரத்தில் விமானி பயன்படுத்த முடியாமல் போனது.

1943-இல் வந்த பி-38 ஜே வகையில் இன்டர்கூலர் எஞ்சினுக்கு அடியிலுள்ள மூக்குப் பகுதிக்கு இடம் மாறியது. காலியான இறக்கை விளிம்பில் கூடுதல் எரிபொருள் தொட்டிகள் வைக்கப்பட்டன. ஆனால் அதே ஆண்டின் குளிர்காலத்தில் ஐரோப்பிய வான்வெளியில் வேறொரு தொல்லை தோன்றியது. புதிய இன்டர்கூலர் காற்றை அளவுக்கு மீறிக் குளிர்வித்ததால், எரிபொருள் முழுமையாக ஆவியாகாமல் பிரிந்து நின்றது எனவும், அங்கு நேர்ந்த எஞ்சின் பழுதுகளுக்கு அது ஒரு காரணம் எனவும் சொல்லப்படுகிறது. குளிர்ச்சிக்கும் ஓர் அளவு உண்டு என்பதை உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவர்கள் அறிந்துகொண்டார்கள்.

பி-47 தண்டர்போல்ட் விமானம் வேறு வழியில் சென்றது. அதன் டர்போவும் இன்டர்கூலரும் விமானியின் முதுகுக்குப் பின்னால், உடலின் பின்பகுதியில் இருந்தன. காற்று பின்னால் சென்று, அழுத்தப்பட்டு, குளிர்ந்து, மீண்டும் முன்னால் உள்ள எஞ்சினுக்கு வர நீண்ட குழாய்கள் தேவைப்பட்டன. அந்தக் குழாய்களை அகலமாக வைப்பதற்கான இடத்தை அதன் பருத்த உடல் தந்தது. இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் 1942-இல் ஸ்பிட்ஃபயர் விமானத்தில் பயன்பாட்டுக்கு வந்த இருகட்ட மெர்லின் எஞ்சினில் திரவத்தால் குளிர்விக்கும் முறையைக் கையாண்டது. எஞ்சினை ஒட்டியே காற்றைக் குளிர்வித்து, வெப்பத்தைத் திரவத்தின் வழியே தொலைவிலுள்ள ரேடியேட்டருக்கு அனுப்பும் முறை இது. நீண்ட காற்றுக் குழாய்கள் இதில் தேவையில்லை. இன்றைய கார்களில் காணப்படும் இருவகை இன்டர்கூலர்களுக்கும் இவ்வாறு அன்றே முன்மாதிரிகள் இருந்தன.

போருக்குப் பின் 1955-இல் அமெரிக்காவின் கேஸ், லண்டன் என்ற இரு பேராசிரியர்கள் கையடக்க வெப்பமாற்றிகளைப் பற்றிய நூலை வெளியிட்டனர். எந்த வடிவத் தகடு எவ்வளவு வெப்பம் கடத்தும், எவ்வளவு உராய்வு தரும் என்ற இரண்டையும் ஒரே வரைபடத்தில் அருகருகே காட்டியது அந்நூல். வரவையும் செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற பழக்கம் பொறியாளர்களிடையே இதனால் வேரூன்றியது.

கார்களுக்கு வந்த டர்போ

1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், ஷெவர்லே கார்வெயர் மான்சா ஸ்பைடர் ஆகிய இரு டர்போ கார்கள் விற்பனைக்கு வந்தன. இரண்டிலும் இன்டர்கூலர் கிடையாது. ஜெட்ஃபயர், தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே தெளித்து நாக்கிங்கைத் தவிர்த்தது. திரவத் தொட்டியை அவ்வப்போது நிரப்பும் பொறுப்பு காரின் உரிமையாளருடையது. 1973-இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போவும் இன்டர்கூலர் இல்லாததே. அதன் எஞ்சினில் அமுக்க விகிதத்தை 6.9-ஆகக் குறைத்து நாக்கிங்கைச் சமாளித்தார்கள். இதனால் டர்போ வேலை செய்யாத தாழ்ந்த சுற்றுவேகங்களில் எஞ்சின் மந்தமாக இருந்தது.

போர்ஷே நிறுவனத்தின் 911 டர்போ 1975-இல் இன்டர்கூலர் இன்றி 260 குதிரைத்திறனுடன் வந்தது. 1978-இல் எஞ்சினின் கொள்ளளவை 3.0 லிட்டரிலிருந்து 3.3 லிட்டராக்கி, காற்றால் குளிரும் இன்டர்கூலரையும் சேர்த்தபோது திறன் 300 ஆனது. அமுக்க விகிதத்தையும் 6.5-இலிருந்து 7.0-ஆக உயர்த்த முடிந்தது. எஞ்சின் பின்னால் இருந்த அந்தக் காரில் இன்டர்கூலருக்கு இடம் தேடுவது எளிதாக இல்லை. கடைசியில் பின்புற இறக்கைக்குக் கீழே அதனை வைத்தார்கள். அந்த இறக்கையின் வடிவம் மாறியதற்கு இதுவும் காரணம்.

இன்டர்கூலரின் பயனை எண்களில் காட்ட ஆடி நிறுவனத்தின் இரு கார்கள் உதவும். 2,144 கன செ.மீ. கொள்ளளவுள்ள ஐந்து சிலிண்டர் டர்போ எஞ்சின், இன்டர்கூலர் இல்லாத ஆடி 200 காரில் 170 குதிரைத்திறன் தந்தது. 1980-இல் அறிமுகமான குவாட்ரோ காரில் இன்டர்கூலருடன் அதே கொள்ளளவு எஞ்சின் 200 தந்தது. அமெரிக்காவின் பியூக் கிராண்ட் நேஷனல் 1984-இல் இன்டர்கூலர் இன்றி 200 குதிரைத்திறனும், 1986-இல் இன்டர்கூலருடன் 235 குதிரைத்திறனும் பெற்றிருந்தது. இரண்டிலும் உயர்வு ஏறத்தாழ 17 சதவீதம். வேறு சில மாற்றங்களும் இவற்றில் இருந்ததால், முழு உயர்வையும் இன்டர்கூலர் கணக்கில் எழுத முடியாது. ஆயினும் முன்பு போட்ட கணக்கு நடைமுறையிலிருந்து விலகியதன்று என்பது தெரிகிறது.

பந்தயத் தடத்தில்

ஃபார்முலா 1 பந்தயத்தில் ரெனோ நிறுவனம் 1977-இல் சில்வர்ஸ்டோன் தடத்தில் முதல் டர்போ காரை இறக்கியது. அடிக்கடி பழுதாகி நின்ற அந்தக் காரைப் பலர் கேலி செய்தனர். 1979-இல் ஒரு பெரிய டர்போவுக்குப் பதில் இரு சிறிய டர்போக்களைப் பொருத்தி, பிரான்சின் டிஜோன் தடத்தில் ரெனோ முதல் வெற்றியைப் பெற்றது. 1983-இல் பிஎம்டபிள்யூ டர்போ எஞ்சின் பூட்டிய பிரபாம் காரில் நெல்சன் பிக்கே உலகப் பட்டம் வென்றார். அதற்குப் பின் ஊட்டழுத்தம் ஆண்டுதோறும் ஏறியது. 1987-இல் 4 பார், 1988-இல் 2.5 பார் என வரம்பு விதிக்கப்பட்டு, 1989-இல் டர்போ தடை செய்யப்பட்டது.

எஞ்சினுக்குள் நுழையும் அழுத்தத்துக்கு வரம்பு வந்துவிட்டால், போட்டி வேறிடத்துக்கு நகர்கிறது. ஒரே அழுத்தத்தில் யார் குளிர்ந்த காற்றைத் தருகிறாரோ அவருக்கே கூடுதல் அடர்த்தி. அந்தக் குளிர்ச்சிக்காக யார் குறைவான அழுத்தத்தை இழக்கிறாரோ அவருடைய டர்போவுக்கு வேலை குறைவு. சுழலிக்குத் தேவைப்படும் ஆற்றல் குறைவதால் புகை வெளியேறும் வழியில் பின்னழுத்தமும் குறையும்.

வடிவமைப்பில் செய்யும் சமரசங்கள்

இன்டர்கூலரில் பல குழாய்கள் அருகருகே அடுக்கப்பட்டிருக்கும். குழாய்களின் எண்ணிக்கையை இரட்டித்தால் ஒவ்வொன்றிலும் பாயும் காற்று பாதியாகும். இழப்பு நான்கில் ஒன்றாகும். குழாயின் நீளத்தை இரட்டித்தால் குளிர்ச்சி சற்றுக் கூடும். இழப்போ இரு மடங்காகும். ஆகவே ஒரே அளவுள்ள உலோகத்தைக் கொண்டு குட்டையான பல குழாய்களை அமைப்பது, நீளமான சில குழாய்களை அமைப்பதைவிடப் பாய்வுக்கு நல்லது. இரு முனைகளிலும் உள்ள தொட்டிகளின் வடிவமும் முக்கியம். நுழைவாயிலுக்கு நேரே உள்ள சில குழாய்களில் மட்டும் காற்று பாய்ந்தால், மற்றவை இருந்தும் பயனில்லை.

எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. 1989-இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரில் இன்டர்கூலர் முன்புறத்தில், நேராகக் காற்று மோதும் இடத்தில் வைக்கப்பட்டது. குளிர்ச்சிக்கு அது நல்ல இடம். குழாய்கள் நீளமாகும் என்பது குறை. 1992-இல் வந்த சுபாரு இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ் காரில் எஞ்சினுக்கு மேலேயே வைத்து, பானெட்டில் ஒரு திறப்பின் வழியே காற்று வரச் செய்தார்கள். குழாய்கள் குட்டையாயின, ஆனால் கார் நிற்கும்போது எஞ்சின் சூடு இன்டர்கூலருக்கும் ஏறும். ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் 1.4 லிட்டர் எஞ்சினின் சில வகைகளில் தண்ணீரால் குளிரும் சிறிய இன்டர்கூலரைக் காற்று நுழைவுக் குழாய்த் தொகுதிக்குள்ளேயே வைத்தது. காற்று செல்லும் பாதை மிகவும் குறுகியதால், அதனை நிரப்பி அழுத்தம் ஏற்றும் நேரமும் குறைந்தது.

அளந்து அறிதல்

இன்டர்கூலரின் தரத்தை அதன் பருமனைக் கண்டு முடிவு செய்ய இயலாது. அதன் நுழைவாயிலில் ஒன்றும் வெளிவாயிலில் ஒன்றுமாக அழுத்தமானிகள் பொருத்தி, எஞ்சின் முழுச் சுமையில் உயர்ந்த சுற்றுவேகத்தில் ஓடும்போது இரண்டின் வேறுபாட்டைக் காண வேண்டும். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் எஞ்சினில் எடுத்த அளவு எதையும் சொல்லாது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் இழப்பும் இராது. கூடவே இரு வாயில்களிலும் வெப்பநிலையை அளந்தால்தான் வரவும் செலவும் ஒருங்கே தெரியும்.

ஊட்டழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி எங்கிருந்து அழுத்தத்தை உணர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அமுக்கியின் வாயிலில் உணர்ந்தால், சுற்றுவேகம் ஏறும்போது இழப்பும் ஏறி, எஞ்சினுக்குக் கிடைக்கும் அழுத்தம் மெல்லக் குறையும். எஞ்சினின் நுழைவில் உணர்ந்தால், இழந்ததை ஈடுசெய்ய டர்போ இன்னும் வேகமாகச் சுழலும். எஞ்சினுக்கு 2 பார் தரவேண்டிய டர்போ, 0.1 பார் இழப்பு இருந்தால் 2.1 பாருக்கு உழைக்க வேண்டும். அதன் காற்று 128 டிகிரியில் வெளிவரும். இழப்பு 0.3 பார் ஆனால் காற்று 142 டிகிரியில் வெளிவரும். ஓட்டுநர் முன்னுள்ள அழுத்தமானி இரண்டு நிலையிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆகவே டர்போவைத் தேர்ந்தெடுப்பவர், எஞ்சினுக்கு வேண்டிய அழுத்தத்துடன் இன்டர்கூலரின் இழப்பையும் கூட்டி, வடிகட்டியில் ஆகும் இழப்பை வெளிக்காற்றின் அழுத்தத்திலிருந்து கழித்து, அதன் பிறகே அழுத்த விகிதத்தைக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கையும் எஞ்சினின் மிக உயர்ந்த காற்றோட்டத்துக்கே போட வேண்டும்.